செக், புரோநோட்: கையெழுத்துப் போடும் முன்பும், பணம் வராமல் போன பின்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைமாற்று, சீட்டு, சரக்குப் பாக்கி, வண்டிக் கடன் என்று எதை எடுத்தாலும் நம் ஊரில் ஒரு புரோநோட்டோ இரண்டு செக்கோ கை மாறிவிடுகிறது. அந்தத் தாள்களுக்குச் சட்டம் தரும் பலம் எவ்வளவு என்பது கையெழுத்துப் போட்டவருக்கும் தெரிவதில்லை, வாங்கி வைத்திருப்பவருக்கும் தெரிவதில்லை. போட்டவர் நிரப்பாத தாளில் கையெழுத்திட்டுச் சிக்கிக்கொள்கிறார். வாங்கியவர் தேதியைத் தவறவிட்டு உரிமையை இழக்கிறார். இந்த இரண்டையும் மனதில் வைத்தே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

இதற்கெல்லாம் எந்தச் சட்டம்?

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். 1882 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடனுறுதிச் சீட்டு எனப்படும் புரோநோட், மாற்றுச் சீட்டு, காசோலை என்ற மூன்றுக்கும் இதுதான் அடிப்படை. செக் திரும்பினால் குற்றம் என்று சொல்லும் 138-ஆம் பிரிவு மூலச் சட்டத்தில் கிடையாது. 1988-ல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு 2002, 2015, 2018 ஆண்டுகளில் வந்த திருத்தங்கள் அதை இன்னும் இறுக்கின.

உண்டியல் என்ற தாளையும், அதாவது இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று வணிகர்கள் எழுதித் தரும் பணச் சீட்டையும், இங்கே சொல்ல வேண்டும். நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை வரை பணத்தைத் தூக்கிச் செல்லாமல் உண்டியல் எழுதியே தொழில் நடத்தினார்கள். இந்திய மொழிகளில் எழுதப்படும் இப்படிப்பட்ட தாள்கள் பற்றிய உள்ளூர் வழக்கத்தைத் தான் தொடப்போவதில்லை என்று 1881-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டது. நம் வணிகர்களின் நாணயத்துக்கு அந்தக் காலத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை இந்த ஒரு வரியே காட்டுகிறது.

செக்குக்கும் புரோநோட்டுக்கும் என்ன வித்தியாசம்?

புரோநோட்டில் "நான் தருகிறேன்" என்று நீங்களே உறுதி சொல்கிறீர்கள். செக்கில் "என் கணக்கிலிருந்து இவருக்குக் கொடு" என்று வங்கிக்கு உத்தரவிடுகிறீர்கள். நடைமுறையில் பெரிய வேறுபாடு இன்னொன்று: செக் திரும்பினால் சிவில் வழக்கும் போடலாம், குற்ற வழக்கும் போடலாம். புரோநோட்டுக்குப் பணம் தராவிட்டால் சிவில் வழக்கு மட்டும்தான். "புரோநோட் வைத்திருக்கிறேன், உன்னை ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

புரோநோட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

எழுத்தில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட தொகை இருக்க வேண்டும். யாருக்குத் தர வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். எந்த நிபந்தனையும் இல்லாமல் தருவதாகச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். இவ்வளவுதான். பதிவு தேவையில்லை. டைப் செய்திருந்தாலும் அச்சடித்த படிவமாக இருந்தாலும் செல்லும்.

அதிகம் தவறுவது நிபந்தனையில்தான். "என் மகள் கல்யாணம் முடிந்ததும் தருகிறேன்", "நிலம் விற்றதும் தருகிறேன்" என்று எழுதினால் அது புரோநோட் ஆகாது. கல்யாணமும் கிரயமும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். "ஒரு லட்சமும், மேற்கொண்டு பாக்கி இருந்தால் அதுவும்" என்று எழுதினாலும் ஆகாது, ஏனென்றால் தொகை நிச்சயமில்லை. "இவரிடம் ஒரு லட்சம் வாங்கியிருக்கிறேன்" என்று மட்டும் இருந்தால் அது ரசீது. திருப்பித் தருவதாக ஒரு சொல்லாவது வேண்டும்.

பழைய படிவங்களில் "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது" என்று ஒரு தொடர் வரும். அலங்காரம் என்று நினைத்து அதை அடித்துவிடாதீர்கள். காரணம் சாட்சி பற்றிய கேள்வியில் வருகிறது.

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட மறந்துவிட்டால் பிறகு அபராதம் கட்டிக்கொள்ளலாமா?

முடியாது. வேறு பல ஆவணங்களுக்கு முத்திரைக் கட்டணம் குறைந்தால் அபராதத்தோடு கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்த வழியை இந்திய முத்திரைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு மூடி வைத்திருக்கிறது. ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைக் கோர்ட் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளாது. வேண்டும்போது தருவதாக எழுதும் புரோநோட்டுக்கு எத்தனை லட்சம் என்றாலும் கட்டணம் 25 காசுக்கு மேல் போகாது. ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டினாலே தாராளம். ஆனால் "ஆறு மாதம் கழித்து" என்று கெடு வைத்து எழுதினால் கட்டணக் கணக்கே வேறு. தொகைக்கு ஏற்ப ஏறும்.

எழுதும்போதே ஒட்ட வேண்டும். ஒரு வருடம் கழித்து ஒட்டினால் செல்லாது. ஸ்டாம்ப் மேல் குறுக்கே கையெழுத்துப் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அதை மறுபடி பயன்படுத்த முடியாதபடி அடிக்காவிட்டால், ஸ்டாம்பே ஒட்டாத தாளாகத்தான் சட்டம் பார்க்கும்.

ஸ்டாம்ப் இல்லாத தாள் செல்லாமல் போனாலும், கடன் தனியாக நடந்தது என்பதற்கு வங்கிப் பரிமாற்றம் போன்ற வேறு ஆதாரம் இருந்தால் அதை வைத்து வழக்குப் போட வாய்ப்பு இருக்கிறது. அது நீண்ட பாதை. ஒரு ரூபாய் ஸ்டாம்புக்காக அந்தச் சிரமம் வேண்டாம்.

சாட்சிக் கையெழுத்து கட்டாயமா?

சட்டம் கேட்கவில்லை. "இது என் கையெழுத்தே இல்லை" என்று பின்னால் சொன்னால் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக வாங்கி வைக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் சாட்சிக் கையெழுத்து இருந்து, "உத்தரவு பெற்றவர்களுக்காவது" என்ற சொல் இல்லாமல் போனால், முத்திரைச் சட்டத்தின் கண்ணில் அது பாண்டு பத்திரமாக மாறிவிடும். பாண்டுக்குக் கட்டணம் மிக அதிகம். அந்தப் பழைய தொடரை விடாதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

வட்டி எழுதவில்லை. வட்டியே கேட்க முடியாதா?

கேட்கலாம். தாளில் வட்டி விகிதம் இல்லாவிட்டால், தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு சொல்கிறது. விகிதம் எழுதியிருந்தால் அதன்படி. அதற்காக எதையும் எழுதிக்கொள்ளலாம் என்று இல்லை. தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் அதீத வட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. அப்படி வசூலிப்பது குற்றம்.

புரோநோட் எத்தனை வருடம் செல்லும்?

வேண்டும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம். நீங்கள் பணம் கேட்ட தேதியிலிருந்து கணக்கு ஓடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, எழுதிய நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும். கெடு வைத்திருந்தால் கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம்.

இடையில் கடன் வாங்கியவர் ஒரு தொகை கொடுத்து, நோட்டின் பின்பக்கம் "இன்ன தேதியில் இவ்வளவு வரவு" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். இரண்டு விஷயம் முக்கியம். மூன்று வருடம் முடிவதற்கு முன் நடக்க வேண்டும். கடன் வாங்கியவர் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தானே வரவு எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு வைத்தால் கெடு நீளாது. நல்ல நோட்டுகள் இதனாலேயே வீணாகின்றன.

என்னிடம் இருக்கும் நோட்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இதைத்தான் மேடோவர் செய்வது என்கிறார்கள். பின்பக்கம் யாருக்கு மாற்றுகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு, தாளையும் கையில் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் தன் பெயரிலேயே வழக்குப் போடலாம்.

கெடு முடிவதற்கு முன், உரிய விலை கொடுத்து, கொடுத்தவரின் உரிமையில் குறை இருப்பதாகச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லாமல் வாங்கியவருக்குச் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது. முன்னால் இருந்தவரின் குறை அவரைப் பெரும்பாலும் பாதிக்காது.

செக்கில் எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் ஒரு தொகை. எது செல்லும்?

எழுத்தில் இருப்பது. 18-ஆம் பிரிவு. ஆனால் வங்கி பெரும்பாலும் பணம் தராமல் திருப்பிவிடும், புதுச் செக் வாங்கிக்கொள்வதே மேல்.

செக் எத்தனை நாள் செல்லும்?

அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம். முன்பு ஆறு மாதமாக இருந்ததை ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் மாற்றியது.

செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. இனி என்ன செய்வது?

போலீசுக்குப் போக வேண்டாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நீங்களே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டிய வழக்கு இது. அதற்கு முன் மூன்று கெடுக்கள் இருக்கின்றன. தேதி வைத்துச் சொன்னால்தான் விளங்கும்.

வங்கி தந்த ரிட்டர்ன் மெமோ மார்ச் 5 அன்று உங்கள் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 4-க்குள், பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் அவருக்கு ஏப்ரல் 10 அன்று கிடைத்தது. பணம் தர அவருக்கு 15 நாள் அவகாசம், ஏப்ரல் 25 வரை. அதற்குள் தந்துவிட்டால் குற்றமே இல்லை. தராவிட்டால் 26-ஆம் தேதி உங்களுக்கு வழக்குரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், மே 26-க்குள், புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

அந்த 15 நாள் முடிவதற்கு முன் அவசரப்பட்டுப் புகார் கொடுத்தால் அது நிற்காது. பிந்திப் புகார் கொடுத்தால் போதுமான காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் நோட்டீஸ் அனுப்பும் 30 நாள் தவறினால் மன்னிப்புக்கு இடமில்லை. அப்போது ஒரே வழி, செக்குக்கு இன்னும் மூன்று மாதம் முடியவில்லை என்றால் மறுபடி வங்கியில் போடுவது. திரும்பத் திரும்பப் போட்டு, கடைசியாகத் திரும்பியதை வைத்து வழக்குத் தொடரலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நோட்டீஸில் செக் தொகையைச் சரியாக எழுதுங்கள். 2025-ல் ஒரு வழக்கில், செக்கில் உள்ள தொகைக்கு மாறான தொகையைக் கேட்ட நோட்டீஸ் செல்லாது என்றும், தட்டச்சுப் பிழை என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டி, வக்கீல் செலவு கேட்பதாக இருந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

அவர் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் (2025 முதல் அது ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது) அனுப்பியிருந்தால், கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவர், கோர்ட் சம்மன் வந்த 15 நாளுக்குள் தொகையைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளச் சொல்லலாம் என்று 2007 தீர்ப்பு ஒன்று சொல்கிறது. அனுப்பிய ரசீதையும் திரும்பி வந்த உறையையும் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

வழக்கை எந்த ஊரில் போடுவது?

நீங்கள் எந்த வங்கிக் கிளையில் கணக்கு வைத்து அதில் செக்கைப் போட்டீர்களோ, அந்தக் கிளை இருக்கும் ஊர். 2014-ல் உச்ச நீதிமன்றம், செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்றது. பணத்தை இழந்தவர் வெளியூருக்கு அலைய வேண்டிய நிலை வந்தது. 2015 திருத்தம் அதை மாற்றியது. கோயம்புத்தூர்க்காரர் திருநெல்வேலிக்காரருக்குக் கொடுத்த செக், திருநெல்வேலிக் கணக்கில் போட்டுத் திரும்பினால் வழக்குத் திருநெல்வேலியில்.

கணக்கை மூடிவிட்டார், அல்லது ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துவிட்டார். அப்போதும் 138 வருமா?

வரும். கணக்கை மூடுவது, பணம் தராதே என்று வங்கியிடம் சொல்வது, வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போடுவது ஆகிய எல்லாவற்றையும் நீதிமன்றங்கள் இந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்துவிட்டன. நியாயமான காரணத்துக்காக ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தவர், கணக்கில் பணம் இருந்தது, தர வேண்டிய கடனே இல்லை என்று கோர்ட்டில் காட்ட வேண்டும்.

பிளாங்க் செக்காகத்தான் கொடுத்தேன். தொகையை அவரே நிரப்பிக்கொண்டார். நான் தப்பலாமா?

அடிக்கடி வரும் கேள்வி, மிகவும் வருத்தம் தரும் கேள்வியும் இதுதான். கையெழுத்து உங்களுடையது என்று ஆகிவிட்டால், கடனுக்காகத்தான் அந்தச் செக்கைக் கொடுத்தீர்கள் என்று கோர்ட் முதலில் அனுமானித்துக்கொள்ளும். 139-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் இருந்தது என்பதும் அந்த அனுமானத்தில் அடங்கும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரப்பாத செக்கில் விருப்பத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இதே நிலைதான் என்று 2019-ல் சொன்னது. மீதியை யார் நிரப்பினார், எந்தப் பேனாவில் நிரப்பினார் என்பது பெரிதல்ல என்று 2022-ல் சொன்னது. ஆகவே "தொகை என் எழுத்தில் இல்லை" என்று கையெழுத்து நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை.

நிரப்பாத புரோநோட்டும் அப்படித்தான். ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த ஸ்டாம்ப் தாங்கும் தொகை வரை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு நீங்களே அதிகாரம் தந்ததாக 20-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது.

அதற்காக வழியே இல்லை என்று சொல்லவில்லை. அந்த அனுமானத்தை உடைக்கலாம், கொலை வழக்கில் போலச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதும் இல்லை. நடந்திருக்க வாய்ப்பு எது என்று நீதிபதி எடைபோடும் அளவுக்குக் காட்டினால் போதும். பத்தாயிரம் வாங்கினேன், பத்து லட்சம் எழுதியிருக்கிறார் என்றால், அவ்வளவு பணம் கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா என்று கேட்கலாம். வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி, வட்டி கட்டிய விவரம் எல்லாம் உதவும். எல்லாவற்றையும்விட முக்கியம், நோட்டீஸ் வந்ததும் உண்மையைச் சொல்லிப் பதில் அனுப்புவது. பதிலே தராமல் இருந்துவிட்டு இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் நின்று புதுக்கதை சொன்னால் நம்புவது கடினம்.

பாதுகாப்புக்குச் செக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், தொகையை நிரப்பிக் கொடுங்கள். எந்த எண்ணுள்ள செக், எந்தக் கடனுக்கு, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி வாங்கியவரின் கையெழுத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதிக் கடனைக் கட்டிவிட்டேன். ஆனால் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டுவிட்டார்.

செக் கொடுத்த பிறகு, அது வங்கிக்குப் போகும் முன் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், அதைச் செக்கிலேயே குறித்து மீதிக்கு மட்டும்தான் பணம் கேட்க வேண்டும். குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 குற்றம் ஆகாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. கட்டியதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்களுக்கு இந்தத் தீர்ப்பால் பயன் குறைவு.

இருபதாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கடன் செல்லாது என்கிறார்களே?

வருமான வரிச் சட்டப்படி அது தவறு, அபராதம் வரலாம். ஆனால் அதனால் கடனே செல்லாததாகிவிடாது, செக் வழக்கும் நிற்கும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஜாயிண்ட் அக்கவுண்ட் செக்கில் கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டார். மனைவி மேலும் வழக்கு வருமா?

வராது. கையெழுத்துப் போட்டவர் மட்டுமே பொறுப்பு. கம்பெனி செக் என்றால் வேறு: கம்பெனியையும் குற்றவாளியாகச் சேர்த்தால்தான் வழக்கு நிற்கும். அப்போது நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களும் மாட்டுவார்கள்.

என்ன தண்டனை? பணம் எப்போது கைக்கு வரும்?

இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். புகார் கொடுத்த ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கோர்ட் நடைமுறை தெரிந்தவர்கள் அதை நம்பித் திட்டம் போட மாட்டார்கள்.

அந்தத் தாமதத்துக்கு மருந்தாக 2018-ல் வந்ததுதான் இடைக்கால இழப்பீடு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குற்றத்தை மறுத்ததும், செக் தொகையில் 20 சதவீதம் வரை உங்களுக்குத் தரச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடலாம். 60 நாளுக்குள் கட்ட வேண்டும், இன்னும் 30 நாள் வரை நீட்டிக்கலாம். தானாகக் கிடைக்காது, மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை என்று 2024 தீர்ப்பு சொல்கிறது. ஆகவே மனுப் போட்டுக் கேளுங்கள். எதிரி விடுதலையானால் வட்டியோடு திருப்பித் தர வேண்டியிருக்கும்.

எந்தக் கட்டத்திலும் சமரசம் ஆகலாம், மேல்முறையீட்டில்கூட. பெரும்பாலானோருக்கு வேண்டியது பணம்தான். எதிரி கட்டத் தயாராக இருந்தால் தவணையாக எழுதி வாங்கி, லோக் அதாலத்தில் முடித்துக்கொள்வதை நான் எப்போதும் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

செக் கொடுத்தவர் இறந்துவிட்டார்.

குற்ற வழக்கு அவரோடு முடிந்தது. பிள்ளைகளைக் கூண்டில் நிறுத்த முடியாது. அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு வரை சிவில் வழக்கில் வசூலிக்கலாம்.

இ.எம்.ஐ. தானாகப் பிடிக்கும்போது கணக்கில் பணம் இல்லை. அதுவும் குற்றமா?

ஆம். அது 138-ன் கீழ் வராது. 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்து முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் ஏறத்தாழ இதே நோட்டீஸ், இதே 15 நாள், இதே தண்டனை இருக்கிறது.

கடனை முழுவதும் அடைத்துவிட்டேன். செக்கையும் நோட்டையும் திருப்பித் தர மறுக்கிறார்.

சும்மா இருக்காதீர்கள். எந்த எண்ணுள்ள செக்குகள், எந்தத் தேதி நோட்டு, எப்போது எவ்வளவு கட்டி முடித்தீர்கள் என்று விவரமாக எழுதி, பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செக் எண்களுக்குப் பணம் தர வேண்டாம் என்று காரணத்தோடு வங்கிக்கும் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை செக் திரும்பி நோட்டீஸ் வந்தால், பிரச்சினை வருவதற்கு முன்பே நீங்கள் சொன்னது இது என்று காட்ட அந்தத் தேதியிட்ட நகல் கையில் இருக்கும். "தொலைந்துவிட்டது" என்று அவர் சொன்னால், தொலைந்துவிட்டதாகவும் பாக்கி ஒன்றும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். கடைசித் தவணையைக் கையில் கொடுக்கும்போதே இதைக் கேட்பது சுலபம், கொடுத்த பிறகு கேட்பது கடினம்.